2030-இல் 597 பவுண்டு என்றார்கள், 2025-இலேயே 603: இங்கிலாந்தின் தண்ணீர்க் கட்டணத்தை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

ஹாரோவாசி

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையைத் தொடங்கக் காரணம் இரண்டு எண்கள். 2024 டிசம்பர் 19 அன்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட் தன் இறுதித் தீர்மானத்தை வெளியிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சராசரி வீட்டுக் கட்டணம் ஐந்தாண்டுகளில் 36 விழுக்காடு உயர்ந்து 597 பவுண்டில் நிற்கும் என்று அறிவித்தது. ஆனால் 2025 ஜனவரி இறுதியில் நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட பட்டியலில், அவ்வாண்டு ஏப்ரலிலிருந்தே சராசரிக் கட்டணம் 603 பவுண்டு என்று இருந்தது. 2030-இல் தொட வேண்டிய தொகையை முதல் ஆண்டிலேயே தாண்டியது எப்படி? இவற்றுள் எது பொய்?

மேலும், எங்கள் பகுதியில் குடிநீர் தருவது ஒரு நிறுவனம், கழிவுநீரை எடுத்துச்செல்வது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கணக்கா, தனித்தனிக் கணக்கா? வேறு நிறுவனத்திடம் போகும் வழி வீட்டு வாடிக்கையாளருக்கு இல்லாத நிலையில், இந்த விலையை நியாயமானது என்று யார் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பேரேடு

வணக்கம் ஹாரோவாசி. பொதுப்பயன்பாட்டு நிறுவனங்களின் நிதிப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டு எண்களும் உண்மையே. ஆஃப்வாட் சொன்ன 597 என்பது 2022-23 விலைவாசியில் கணக்கிட்டது, பணவீக்கம் அதில் சேரவில்லை. நிறுவனங்கள் சொன்ன 603 என்பது 2025-26-இல் மக்கள் கையிலிருந்து உண்மையில் போகும் தொகை. அத்துடன், ஐந்தாண்டு உயர்வைச் சமமாகப் பிரிக்காமல் அதன் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே வைத்துவிட்டார்கள். அதனால்தான் தேம்ஸ் வாட்டரின் சராசரிக் கட்டணம் ஒரே ஆண்டில் 31 விழுக்காடு உயர்ந்து 639 பவுண்டும், சதர்ன் வாட்டரின் கட்டணம் 47 விழுக்காடு உயர்ந்து 703 பவுண்டும் ஆயின. இனி வரும் ஆண்டுகளிலும் பணவீக்கத்துக்கு ஏற்பத் தொகை மாறிக்கொண்டே இருக்கும். ‘ஆண்டுக்குச் சராசரியாக 31 பவுண்டு’ என்று அறிவிப்பில் சொன்னதைப் படித்துவிட்டு ஏப்ரல் மாத பில்லைப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனதில் வியப்பில்லை. அந்த அறிவிப்பை எழுதியவர்கள் பணவீக்கம் சேர்ந்த தொகையையும் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கணக்குத் தனி. உங்கள் ஹாரோவில் குடிநீருக்கு அஃபினிட்டி வாட்டர், கழிவுநீருக்குத் தேம்ஸ் வாட்டர். ஒரே நிறுவனத்துக்குள்ளும் நீர்வளம், குடிநீர்க் குழாய் வலையமைப்பு, கழிவுநீர் வலையமைப்பு, கழிவுச் சேறு, வாடிக்கையாளர் சேவை என்று தனித்தனி வரம்புகள் உண்டு.

அடிப்படைக் கணக்கு இதுதான். ஐந்தாண்டுகளுக்கு எவ்வளவு செலவு தேவை என்று நிறுவனம் ஒரு திட்டம் கொடுக்கும். மற்ற நிறுவனங்களின் செலவோடு ஒப்பிட்டு ஆஃப்வாட் அதைக் குறைக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்த விலை மறுஆய்வில், 2014-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைச் செலவையும் கட்டுமானச் செலவையும் ஒன்றாகக் கூட்டியே பார்க்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகையில் ஒரு பகுதியை அந்தந்த ஆண்டின் வாடிக்கையாளரே செலுத்துவார். மீதி, ‘ஒழுங்குமுறை மூலதன மதிப்பு’ எனப்படும் கணக்கில் சேர்ந்து, பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வசூலாகும். அது வசூலாகி முடியும் வரை அந்த மதிப்பின் மீது ஒரு வருவாய் விகிதமும் நிறுவனத்துக்கு உண்டு. 2019 மறுஆய்வில் அந்த விகிதம் 2.96, 2024-இல் 4.03 விழுக்காடு. இவை பணவீக்கம் நீங்கிய விகிதங்கள், ஏனெனில் மூலதன மதிப்பே ஒவ்வோர் ஆண்டும் பணவீக்கத்தோடு உயர்த்தப்படுகிறது.

2025-30 காலத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தச் செலவு 10,400 கோடி பவுண்டு. வட்டி விகிதம் ஏறியதும் இந்தச் செலவு பெருகியதும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. 36 விழுக்காட்டின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

வைகறை

பேரேடு ஐயா, விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த மூலதன மதிப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதை விட்டுவிட்டீர்கள். லண்டனின் பாதாளச் சாக்கடையின் முதுகெலும்பு விக்டோரியா மகாராணி காலத்தில் பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. 1989-இல் பத்து நீர் ஆணையங்களையும் விற்றபோது, சுமார் 500 கோடி பவுண்டு கடனை அரசு தள்ளுபடி செய்து, மேலும் 150 கோடிக்கு மேல் ரொக்கமும் கொடுத்து அனுப்பியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து, கடனை அடைத்து, சீரும் செய்து அனுப்பிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் மாதாமாதம் வாடகை கேட்பதைப் போல இருக்கிறது இந்த ஏற்பாடு. பொதுமக்கள் ஏற்கெனவே கட்டிய குழாய்களுக்கு நாம் எதற்காக வருவாய் விகிதம் கொடுக்க வேண்டும்?

பேரேடு

நல்ல கேள்வி, ஆனால் விடை நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் மதிப்பின் மீது வருவாய் விகிதம் கணக்கிட்டிருந்தால் கட்டணம் தாங்க முடியாத அளவுக்குப் போயிருக்கும். அதனால் தனியார்மயமான நிறுவனங்களின் பங்குகள் சந்தையில் முதல் 200 நாள்கள் விற்ற சராசரி விலையைத்தான் தொடக்க மதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அரசு அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றது என்பதால் தொடக்க மதிப்பும் குறைவாகவே அமைந்தது. விக்டோரியா காலச் சொத்தில் பெரும்பகுதிக்கு நாம் வருவாய் விகிதம் செலுத்தவில்லை. இன்று நாம் செலுத்துவது 1989-க்குப் பிறகு சேர்ந்த முதலீட்டுக்குத்தான் பெரும்பாலும்.

மற்ற துறைகளில் பொருளியலாளர் ஸ்டீபன் லிட்டில்சைல்டு வகுத்த முறைப்படி, பணவீக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட விகிதத்தைக் கழித்து விலை வரம்பு வைத்தார்கள். தண்ணீருக்கு மட்டும் கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் வந்தது. ஐரோப்பிய நெறிமுறைகளின்படி ஆறுகளையும் கடற்கரைகளையும் தூய்மைப்படுத்த முதலீடு தேவைப்பட்டதே காரணம். 1989 முதல் 2015 வரை சராசரிக் கட்டணம் பணவீக்கத்துக்கு மேல் சுமார் 40 விழுக்காடு உயர்ந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் சொல்லியிருக்கிறது.

வைகறை

தொடக்க மதிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் என் குறை வேறிடத்தில் இருக்கிறது: ஆஃப்வாட் விலையைப் பார்த்தது, விலையை வசூலிக்கும் நிறுவனத்தின் ஐந்தொகையை, அதாவது அதன் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கை, பார்க்கவில்லை.

ஒழுங்குமுறைக் கணக்கில் வருவது ஒரு கற்பனை நிறுவனம். அதன் மூலதனத்தில் இத்தனை விழுக்காடு கடன் என்று ஆஃப்வாட்டே வைத்துக்கொள்ளும். 2019-இல் அது 60, 2024-இல் 55. அந்தக் கற்பனை நிறுவனத்துக்குப் போதுமான வருவாயைக் கணக்கிட்டு எல்லோருக்கும் கொடுக்கும். உண்மை நிறுவனம் அதைவிட மிக அதிகமாகக் கடன் வாங்கினால் அதன் விளைவு பங்குதாரருடையது, வாடிக்கையாளருக்குப் பாதிப்பில்லை என்பது கோட்பாடு. வட்டி மலிவாக இருந்த காலத்தில் இந்தக் கோட்பாட்டை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனமான மெக்குவாரியின் தலைமையிலான குழு 2006-இல் தேம்ஸ் வாட்டரை வாங்கி 2017-இல் வெளியேறிய காலத்தில், கடன் சுமார் 340 கோடி பவுண்டிலிருந்து 1,000 கோடிக்கு மேல் ஏறியது. அதே காலத்தில் ஈவுத்தொகையும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில் 300 கோடி பவுண்டு வரையிலான அவசரக் கடனுக்கு உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டிய நிலைக்கு அந்த நிறுவனம் வந்தது.

ஏறத்தாழ 1.6 கோடிப் பேருக்குச் சேவை செய்யும் நிறுவனம் விழுந்தால் ஆறுகளும் குழாய்களும் அப்படியே இருக்கும், பங்குதாரருக்கு மட்டும் நட்டம் என்று ஏட்டில் எழுதலாம். நடைமுறையில் கடன் கொடுத்தவர்கள் மேசையில் வந்து உட்கார்ந்து, அபராதங்களில் சலுகையும் கட்டுப்பாடுகளில் தளர்வும் கேட்கிறார்கள். ஆபத்து பங்குதாரருக்கு என்று சொன்ன ஏற்பாடு, ஆபத்து வந்த அன்று வாடிக்கையாளரின் வாசலில் நிற்கிறது.

எதிர்த்திசையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2010-15 காலத்தில் வட்டியும் நிறுவன வரியும் ஆஃப்வாட் மதிப்பிட்டதைவிடக் குறைவாக அமைந்தன. அதனால் நிறுவனங்களுக்குக் குறைந்தது 120 கோடி பவுண்டு எதிர்பாராத ஆதாயம் கிடைத்ததாக 2016-இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது. ஆதாயம் வந்தபோது அது எவருடையது என்பதில் சந்தேகமே எழவில்லை.

பேரேடு

இந்தக் குற்றச்சாட்டின் மையப் பகுதியோடு நான் உடன்படுகிறேன். ஆனால் ஆஃப்வாட்டின் கையில் அன்று என்ன அதிகாரம் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். உரிமத்தின் நிபந்தனைகளை நிறுவனத்தின் ஒப்புதலோடு மாற்றலாம், இல்லையென்றால் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டி மற்றும் சந்தை ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதே பழைய நிலை. ஒப்புதல் இன்றியே மாற்றும் அதிகாரம் 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தில்தான் வந்தது. அதைக் கொண்டு 2023-இல், செயல்திறனையும் நிதி உறுதியையும் கருத்தில் கொள்ளாமல் ஈவுத்தொகை வழங்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டருக்கு விதித்த 12.27 கோடி பவுண்டு தண்டத்தில் 1.82 கோடி, ஈவுத்தொகை விதிமீறலுக்காக மட்டும் விதிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி என்பதை மறுக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் பயனுள்ளது. முன்பு ஒரு பணிக்கு அனுமதித்த பணம் செலவாகாமல் மிஞ்சினால், அது சிக்கனத்தால் மிஞ்சியதா, வேலையே நடக்காததால் மிஞ்சியதா என்று பிரித்தறிவது கடினம். 2024 தீர்மானத்தில் பெரிய பணிகளுக்கெல்லாம் முடிக்க வேண்டிய அளவையும் நாளையும் குறித்து, முடிக்காவிட்டால் பணம் வாடிக்கையாளருக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஏட்டில் இருப்பது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வரும் என்பது 2030-இல்தான் தெரியும்.

கிளைட்கரை

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு குறிப்பு. எங்களுக்கு நீர் தரும் ஸ்காட்டிஷ் வாட்டர் 2002-இல் உருவான பொதுத்துறை நிறுவனம். பொதுத்துறை என்பதால் ஒழுங்குமுறை தேவையில்லை என்று இங்கே விட்டுவிடவில்லை. நீர்த் தொழில் ஆணையம் என்ற தனி அமைப்பு கட்டண உச்சவரம்பை நிர்ணயிக்கிறது. 2021-27 காலத்துக்கு அது சராசரியாகப் பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுக்கு 2 விழுக்காடு. பங்குதாரர் இல்லை, கடன் அரசிடமிருந்து வருகிறது. வீடுகளில் மீட்டர் மிக அரிது, வீட்டு மதிப்பின்படி உள்ளாட்சிக்குச் செலுத்தும் கவுன்சில் வரியின் படிநிலையை வைத்தே கட்டணம், வசூலிப்பதும் உள்ளாட்சி மன்றமே. தனியாக வாழ்பவருக்குத் தள்ளுபடி உண்டு.

எனக்குக் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுவது வேறொன்று. 2011-இல் வாடிக்கையாளர் மன்றம் ஒன்றை அமைத்து, 2015-21 காலத் திட்டத்தை அந்த மன்றமே ஸ்காட்டிஷ் வாட்டருடன் நேரடியாகப் பேசி முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆணையம் எல்லைகளை வகுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஆவணம் குவிக்கும் ஆஃப்வாட் முறையைவிட அது எளிமையாகவும் மக்களுக்கு நெருக்கமாகவும் இருந்தது.

டாஃப்கரை

கார்டிஃபிலிருந்து எழுதுகிறேன். வேல்ஸின் நீர் நிறுவனத்தை 2001-இல் கிளாஸ் கம்ரி என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் வாங்கியது முதல் எங்களுக்கும் பங்குதாரர் கிடையாது, மிச்சம் முழுவதும் தொழிலுக்கே திரும்புகிறது. ஆனாலும் கட்டணம் குறைவில்லை, கழிவுநீர் ஆற்றில் கலப்பதும் நிற்கவில்லை. நீர்க்கசிவு அளவைத் தவறாகக் கணக்குக் காட்டியதற்காக ஆஃப்வாட் நடவடிக்கை எடுத்து, 2024-இல் சுமார் 4 கோடி பவுண்டு வாடிக்கையாளருக்குப் பயன்படச் செய்தது. உடைமை மாறினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் எங்கள் பக்கம் ஒருமுறை எட்டிப்பார்க்கலாம்.

நெய்தல்

விவாதம் மொத்தத் தொகையைச் சுற்றியே போகிறது. அந்தத் தொகையை வீடுகளுக்கு இடையே பிரிப்பது எப்படி என்று எவரும் கேட்கவில்லை. நான் ஒரு சிறிய அடுக்ககத்தில் தனியாக இருக்கிறேன், மீட்டர் இல்லை. எதிர்வீட்டில் ஆறு பேர், அங்கும் மீட்டர் இல்லை. என் கட்டணம் அவர்களுடையதைவிட அதிகம். நிறுவனத்தை அழைத்துக் கேட்டால், வீட்டின் மதிப்பை வைத்துப் போட்டது என்கிறார்கள். எந்தக் காலத்து மதிப்பு அது?

பேரேடு

நெய்தல் அக்கா, 1973-இல் போட்ட மதிப்பு அது. உள்ளாட்சி வரிக்காக அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்த வாடகை மதிப்பு, 1990-இல் அந்த வரியே ஒழிந்த பிறகும் தண்ணீர்க் கட்டணத்தில் உயிர்வாழ்கிறது. தெரு எவ்வளவு மாறியிருந்தாலும், எவ்வளவு பேர் குடியிருந்தாலும் அந்த எண் மாறாது, அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் இன்று வழியில்லை.

தனியாக வாழ்பவர் மீட்டர் கேட்டுப் பெறுவது பெரும்பாலும் ஆதாயம். பொருத்துவதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் அடுக்ககத்தின் குழாய் அமைப்பால் பொருத்த முடியாது என்று எழுத்தில் சொன்னால், ‘மதிப்பிட்ட கட்டணம்’ கேளுங்கள். ஒருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு அதில் தனி விகிதம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. நீங்களாகக் கேட்டு மீட்டர் வைத்த பின் ஒத்துவராவிட்டால் குறிப்பிட்ட காலத்துக்குள் பழைய முறைக்குத் திரும்பலாம். கட்டாய மீட்டர் திட்டம் நடக்கும் பகுதிகளில் மட்டும் அந்த உரிமை இல்லை.

மீட்டர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது கழிவுநீர்ப் பகுதி. கழிவுநீரை எவரும் அளப்பதில்லை. உள்ளே வந்த நீரில் பெரும்பாலும் 90 முதல் 95 விழுக்காடு சாக்கடைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். வீட்டுக் கூரையில் விழும் மழைநீர் பொதுச் சாக்கடைக்குப் போகாமல் தோட்டத்து உறிஞ்சு குழியில் இறங்கினால், மழைநீர் வடிகால் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அவர்களாகக் கழிக்க மாட்டார்கள்.

பிரிப்பு முறையில் ஒழுங்குமுறை ஏன் மெலிதாக இருக்கிறது என்றால், ஆஃப்வாட் கட்டுப்படுத்துவது மொத்த வருவாயை. அதற்குள் நிலைக்கட்டணம் எவ்வளவு, கன மீட்டருக்கு எவ்வளவு என்பதை நிறுவனமே பொதுவிதிகளுக்கு உட்பட்டு அமைக்கிறது. எல்லோரும் சிக்கனமாக நீர் பயன்படுத்தி வருவாய் குறைந்தால், அந்தக் குறை பின்வரும் ஆண்டுகளின் விலையில் சேர்ந்து வரும். மீட்டர் வைத்தவர்கள் மிச்சப்படுத்தும் தொகையில் ஒரு பகுதியை மீட்டர் இல்லாதவர்கள் ஏற்கிறார்கள் என்பது இதன் பொருள்.

ஹாரோவாசி

இவ்வளவு விவரங்களுக்கு நன்றி. ஏழைக் குடும்பங்களுக்கான சலுகை பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.

பேரேடு

மீட்டர் உள்ள வீட்டில் அரசு உதவி பெறுபவர்களுக்கு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தாலோ, அதிக நீர் தேவைப்படும் நோய் இருந்தாலோ, ‘வாட்டர்ஷூர்’ திட்டம் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சமூகக் கட்டணத் திட்டம் உண்டு, தகுதியும் தள்ளுபடியும் எல்லைக்கு எல்லை மாறும். நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் வேண்டும் என்று நீர் நுகர்வோர் மன்றம் 2021-இலேயே பரிந்துரைத்தது. பணம் செலுத்தாதவர் வீட்டில் நீரைத் துண்டிப்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வசூல் நிறுவனங்களின் கடிதத்துக்கு அஞ்சி வேறு அவசியச் செலவை நிறுத்துபவர்கள் நம்மவர்களிடையே இருக்கிறார்கள்.

வைகறை

முடிப்பதற்கு முன் மேல்முறையீடு பற்றி ஒரு செய்தி. ஆஃப்வாட்டின் தீர்மானம் பிடிக்காவிட்டால், இரண்டு மாதங்களுக்குள் விவகாரத்தைப் போட்டி மற்றும் சந்தை ஆணையத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. 2019 மறுஆய்வுக்குப் பிறகு ஆங்கிலியன், பிரிஸ்டல், நார்த்தம்பிரியன், யார்க்‌ஷயர் ஆகிய நான்கும் போயின. 2021 மார்ச்சில் ஆணையம் வருவாய் விகிதத்தை 2.96-இலிருந்து 3.20 ஆக உயர்த்திக் கொடுத்தது. 2024 தீர்மானத்துக்குப் பிறகு ஆங்கிலியன், நார்த்தம்பிரியன், சதர்ன், வெசெக்ஸ், சவுத் ஈஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் போயின. விலை அதிகம் என்று கருதும் வாடிக்கையாளருக்கோ, அவர்கள் சார்பில் பேசும் நுகர்வோர் மன்றத்துக்கோ இந்த வழி திறக்கவில்லை. ஒரு தரப்பு மட்டுமே மேல்முறையீடு செய்யக்கூடிய தீர்ப்பில், நீதிபதி எந்தப் பக்கம் சாய்ந்தால் தலைவலி குறையும் என்பது அவருக்கும் தெரியும்.

2025 ஜூலையில், நீர்த் துறையை ஆராய அமைக்கப்பட்ட ஜான் கன்லிஃப் தலைமையிலான வேறொரு ஆணையம் 88 பரிந்துரைகளை வழங்கி, ஆஃப்வாட்டைக் கலைத்துவிட்டு, விலை, குடிநீர்த் தரம், சுற்றுச்சூழல் மேற்பார்வை மூன்றையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரச் சொன்னது. ஆஃப்வாட்டைக் கலைக்கும் முடிவை அரசும் ஏற்றது. பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு முன் இந்த ஒருபக்க உரிமையைச் சரிசெய்வார்களா என்றுதான் பார்க்கிறேன்.

கிளைட்கரை

வைகறை, நுகர்வோர் மன்றத்துக்கும் மேல்முறையீட்டு உரிமை கொடுத்தால் ஒவ்வொரு தீர்மானமும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆணையத்துக்குப் போகும், வழக்கறிஞர் செலவு மீண்டும் கட்டணத்தில்தான் ஏறும். அதைவிட, எங்கள் மன்றம் செய்ததுபோல் தீர்மானம் எழுதப்படுவதற்கு முன்பே வாடிக்கையாளரை மேசையில் உட்கார வைப்பது மலிவு.

வைகறை

உங்கள் மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தது ஈவுத்தொகை எதிர்பார்க்காத நிறுவனம், கிளைட்கரை. இங்கே எதிரில் இருப்பவர்கள் கடன் பத்திரக்காரர்களும் அவர்களுடைய ஆலோசகர்களும். முடிவு தவறானால் மேலே எடுத்துச்செல்லும் உரிமை கையில் இல்லாத ஒருவரை அவர்கள் முன் உட்கார வைத்தால், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். உரிமையை முதலில் கொடுக்கட்டும். அதன் பிறகு பேச்சுவார்த்தையிலேயே முடிந்தால், வழக்கறிஞர் செலவும் மிச்சம்.